குதிரைக்குச் சொறி வந்தால்...



முதல் உலகப் போர் என்றதும் பீரங்கிகளும் பதுங்குகுழிகளும் நினைவுக்கு வரும். அந்தப் பீரங்கிகளை இழுத்தவை யார்? குதிரைகள்! 1914 முதல் 1918 வரை இலட்சக்கணக்கான குதிரைகள் போர்முனையில் உழைத்தன. குண்டடி பட்டு இறந்த குதிரைகளைவிட குளிரிலும் பசியிலும் களைப்பிலும் நோயிலும் மாண்டவையே அதிகம். பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் இராணுவக் கால்நடை மருத்துவர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்த நோய்களில் ஒன்று, சொறி.

சொறிதானே என்று அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. அதற்குக் காரணம் 'சார்கோப்டிஸ்' என்ற எட்டுக்கால் பூச்சி. அரை மில்லிமீட்டர்கூட இராது. பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். சில நாட்களில் குஞ்சு பொரிக்கும். இரண்டு மூன்று வாரங்களில் அடுத்த தலைமுறை தயார்! தலை, கழுத்து, தோள் என்று அரிப்பு பரவும். குதிரை தூணில் உரசிக்கொண்டே இருக்கும். முடி கொட்டி, தோல் தடித்து, தீனியும் ஓய்வும் இல்லாமல் எலும்பும் தோலுமாகிவிடும்.

அன்று என்ன மருத்துவம் செய்தார்கள்? கால்சியம் சல்ஃபைடு கலந்த வெந்நீர்த் தொட்டியில் குதிரைகளை இறக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தனி அறை கட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, உடலுக்குக் கந்தகப் புகை பிடித்தார்கள். பூச்சிக்கு இடம் கொடுக்காதிருக்க உடல் முடியை ஒட்ட வெட்டினார்கள். விளைவு? 1916-17 கடுங்குளிரில், திறந்த வெளியில், போர்வை போன்ற முடியை இழந்து நின்ற குதிரைகள் நலிந்தன. 1917 ஏப்ரலில் அராஸ் போர்க்களத்தில் குளிராலும் களைப்பாலும் ஏராளமானவை சரிந்து விழுந்தன. நோயைத் தடுக்கச் செய்த காரியமே உயிருக்கு வினையாகிவிட்டது.

இன்று நிலைமை வேறு. ஜப்பானிய அறிஞர் சத்தோஷி ஓமுரா சேகரித்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது 'ஐவர்மெக்டின்' மருந்து. 1981இல் கால்நடைகளுக்காக விற்பனைக்கு வந்தது. அதற்காக ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். குதிரையின் எடைக்கு ஏற்ப வாயில் பசையாகக் கொடுத்தால் போதும்.

அப்படியானால் கவலை தீர்ந்ததா? இல்லை. இந்த மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையை அழிக்காது. ஆகவே இரண்டு வாரம் கழித்து மீண்டும் கொடுக்க வேண்டும். சொறி கண்ட குதிரைக்கு மட்டும் கொடுத்தாலும் பயனில்லை. அதனோடு பழகிய எல்லாக் குதிரைகளுக்கும் மருந்து வேண்டும். பிரஷ், போர்வை, சேணம் அனைத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே பிரஷை லாயம் முழுவதும் பயன்படுத்தினால், பராமரிப்பவரே நோயைச் சுமந்து செல்பவர் ஆகிவிடுவார்!

அரிப்பெல்லாம் ஒரே அரிப்பும் அல்ல. குளம்புக்கு மேல் காலில் அரித்தால் அது வேறு வகைப் பூச்சியாக இருக்கலாம். அது தோலின் மேலேயே வாழ்வதால், வாய்வழி மருந்து முழுப் பலன் தராது. மேற்பூச்சோ மருந்துக் குளியலோ தேவைப்படும். பிடரியிலும் வால் அடியிலும் அரித்தால், அந்திநேரத்தில் கடிக்கும் கொசு போன்ற சிறு ஈக்களால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். அது தொற்றாது, கடியிலிருந்து காப்பதே முதல் வைத்தியம். எனவே கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது மிக அவசியம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. குதிரை மருந்தை மனிதர் சாப்பிடக் கூடாது. கொரோனா காலத்தில், 2021இல், அமெரிக்காவில் சிலர் அப்படிச் சாப்பிட்டு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

நேயர்களே, வாயில்லா ஜீவன் 'அரிக்கிறது' என்று சொல்லாது, உரசிக் காட்டும். அதைக் கவனிப்பதும், மருந்துக்கு அவசரப்படும் முன் நோய் இன்னதென்று அறிவதும் வளர்ப்பவரின் கடமை. அன்றைய போர்க்குதிரைகள் உயிரைக் கொடுத்துக் கற்றுத் தந்த பாடம் அது.