பார்க்க முடியாத உருண்டைக்குள்ளே ஒரு ஒற்றன்

பரவையில இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோட்ல கோடிங் கிடையாது, கெமிஸ்ட்ரி. ஆனா டீபக் பண்ற எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான்: திறந்தே பார்க்க முடியாத ஒரு பொருளுக்குள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பாக்லிடாக்ஸெல்னு ஒரு புற்றுநோய் மருந்து இருக்கு. தண்ணியில கரையாது. அதனால பழைய முறையில, ஆமணக்கெண்ணெயில இருந்து தயாரிக்கிற ஒரு பொருளையும் ஆல்கஹாலையும் சேர்த்து அதுல கரைச்சு ஏத்துவாங்க. அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொடுத்துடும். அதைத் தடுக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு போட வேண்டியிருக்கும்.

இதுக்கு ஒரு மாற்றுதான் பிளாக் கோபாலிமர் மைசெல். ஒரு நீளமான சங்கிலி மூலக்கூறு. அதுல ஒரு பகுதிக்குத் தண்ணி பிடிக்கும், இன்னொரு பகுதிக்குப் பிடிக்காது. தண்ணியில போதுமான அளவு போட்டா, பிடிக்காத பகுதிகள் எல்லாம் உள்ளே ஒதுங்கி, பிடிச்ச பகுதிகள் வெளியே நின்னு, குட்டி உருண்டையா சேர்ந்துக்கும். பெரும்பாலும் 10-லிருந்து 100 நானோமீட்டர் வரைதான் இருக்கும். மருந்து அந்த எண்ணெய்த்தன்மையுள்ள நடுப்பகுதியில உட்கார்ந்துக்கும். தென்கொரியாவில ஜெனெக்ஸால்-பிஎம்ங்கிற பேர்ல இப்படி ஒரு பாக்லிடாக்ஸெல் மருந்து பயன்பாட்டுக்கே வந்துடுச்சு.

ஆனா ஒரு சிக்கல். ஒரு குறிப்பிட்ட செறிவுக்குக் கீழே போனா உருண்டை உதிர்ந்துடும். உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுது. ஊசி உள்ளே போனதும் மருந்து நீர்த்துப்போகும். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முன்னாடியே உருண்டை உடைஞ்சா என்ன பிரயோஜனம்? அதனால ரெண்டு விஷயம் தெரியணும்: உருண்டை எவ்வளவு பெருசு? எந்தச் செறிவுல உதிரும்?

முதல் கேள்விக்கு ஒளிச்சிதறல். ஓட்டு வீட்டுல கண்ணாடி ஓடு வழியா வெயில் இறங்கும்போது தூசி மினுக்குறதைப் பார்த்திருப்பீங்க. அதேபோல லேசர் ஒளியை மைசெல் கரைசல்ல விட்டா, சிதறி வர்ற ஒளி மினுக்கும். சின்ன துகள் வேகமா அலையும், மினுக்கலும் வேகமா மாறும். பெருசு மெதுவா நகரும். அந்த வேகத்தை வச்சு அளவைக் கணக்குப் போடலாம்.

இதுல ஒரு பொறி இருக்கு. இவ்வளவு சின்ன துகள்கள்ல, விட்டம் 10 மடங்கு பெருசானா சிதறுற ஒளி சுமார் 10 லட்சம் மடங்கு கூடும். அதாவது, கொஞ்சமே கொஞ்சம் தூசி இருந்தாலும், கருவிக்கு மைசெல் கண்ணுல படாது. அதனாலதான் கரைசலை வடிகட்டாம வைக்கக் கூடாதுன்னு சொல்வாங்க.

ரெண்டாவது கேள்விக்கு ஒற்றன் வேணும். அவன் பேரு பைரீன். புற ஊதா ஒளி பட்டா ஒளிரும் ஒரு மூலக்கூறு. அது விடுற ஒளியில 373 நானோமீட்டர் பக்கம் ஒரு முகடு, 384 பக்கம் இன்னொரு முகடு. தண்ணியில இருக்கும்போது இந்த ரெண்டோட விகிதம் சுமார் 1.8. எண்ணெய் மாதிரியான சூழலுக்குள்ள போனா 1-க்குக் கீழேகூட இறங்கும். பாலிமரைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே அளந்தா, விகிதம் சரிய ஆரம்பிக்கிற இடம்தான் மைசெல் பிறக்கிற இடம். நம்ம பாஷையில சொன்னா, திறக்க முடியாத சர்வருக்குள்ள போட்ட ஒரு பிரிண்ட் ஸ்டேட்மென்ட்!

மைசெல்களை அளக்க இந்த விகிதத்தைப் பயன்படுத்தலாம்னு 1977-ல கட்டுரை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் கு. கல்யாணசுந்தரம். பேரு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? பின்னாடி சுவிட்சர்லாந்துல இருந்துக்கிட்டு, 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டத்தைத் தொடங்கினவர் அவரேதான். நாம இணையத்துல இலவசமா சங்க இலக்கியம் படிக்கிறோமே, அதுக்கு வழி போட்ட தன்னார்வத் திட்டம்.

சரி, ஒற்றன் சொல்றதை மட்டும் நம்பலாமா? கூடாது. பைரீனை அதிகமா போட்டா, ரெண்டு ரெண்டா சேர்ந்து வேற நிறத்துல ஒளிர ஆரம்பிச்சுடும், அளவீடு குழம்பும். மிகக் குறைஞ்ச செறிவுலயே உருவாகிற மைசெல்ல பைரீன் பாதி தண்ணியிலயும் பாதி உள்ளேயுமா நிக்கும். சரிவு கூர்மையா தெரியாது. ஒளிச்சிதறலுக்கும் அவ்வளவு நீர்த்த கரைசல்ல சிக்னல் போதாது. ஒண்ணோட குறையை இன்னொண்ணு ஈடுகட்டணும்.

வெப்பநிலையும் முக்கியம். புளூரானிக் எஃப்127 பாலிமரைத் தண்ணியில சுமார் 20 சதவீதம் கரைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சா ஓடும் திரவம். வெளியே எடுத்துச் சூடானா ஜெல். தேங்காய் எண்ணெய்க்கு நேரெதிர்! குளிர்ல தனித்தனியா இருக்கிற சங்கிலிகள், சூட்டுலதான் மைசெல் ஆகி நெருக்கமா அடுக்கிக்கும். ஆக, 25 டிகிரி ஆய்வகத்துல அளந்த எண் 37 டிகிரி உடம்புக்கு அப்படியே பொருந்தணும்னு இல்ல.

அடுத்த முறை 'நானோ மருந்து, 20 நானோமீட்டர்'னு ஒரே ஒரு எண்ணோட செய்தி வந்தா, மூணு கேள்வி கேளுங்க: எந்தச் செறிவுல? எந்த வெப்பநிலையில? தண்ணியிலயா, ரத்தத்துலயா?