தானாக வராதவை

பட்டம் பெறும் மாணவ மாணவியரே, வாழ்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்லா இருங்கள். மீதி நேரத்தை ஒரே ஒரு கருத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். குழந்தை வளர்ச்சி, குடும்ப வாழ்வியல், உடற்கல்வி என்று நீங்கள் படித்த படிப்புகளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. 'இதையெல்லாம் காலேஜுக்குப் போய்ப் படிக்கணுமா? தானா வராதா?' என்பார்கள். பிள்ளை வளர்ப்பும், குடும்பம் நடத்துவதும், ஓடியாடுவதும் தானாக வந்துவிடும் என்ற அந்த நம்பிக்கையைத்தான் இன்று மறுக்க வந்திருக்கிறேன்.

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் 1986-இல் சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவ அறிஞரின் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களில் பிறந்து, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒன்பது மாதம் முதல் இரண்டு வயதுக்குள். சிலருக்குச் சத்துணவு கொடுத்தார்கள். சிலருடைய வீட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போனார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன, சிலருக்கு எதுவும் இல்லை. வீட்டுக்குப் போனவர் கடைப் பொம்மை எதையும் வாங்கிப் போகவில்லை. தூக்கிப்போடும் பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்களைத் தாயின் கையில் கொடுத்தார். பொருளின் பெயரைச் சொல்லிக்காட்டவும், பிள்ளை 'ஆ' என்றால் பதிலுக்குப் பேசவும், அது செய்து முடித்ததைப் பாராட்டவும் பழக்கினார். சாமானை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறொன்றோடு வந்தார். இப்படி இரண்டு ஆண்டுகள் நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இந்த விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சராசரியாக 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். உணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீடித்த பலன் தென்படவில்லை. சோறு வேண்டாம் என்று இதற்குப் பொருள் சொல்லிவிடாதீர்கள். சோற்றோடு பேச்சும் வேண்டும். அந்தத் தாய்மார்களிடம் அன்புக்குக் குறைவில்லை. அன்பைக் காட்டும் வழிமுறையைத்தான் ஒருவர் போய்ச் சொல்லித்தர வேண்டியிருந்தது. சொல்லித்தந்ததும் அவர்களுக்கு அது வந்தது. 129 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதலாமா என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் வங்கதேசத்திலும் கொலம்பியாவிலும் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். அங்கும் குழந்தைகளின் வளர்ச்சியில் முன்னேற்றம் தெரிந்தது.

'எங்கள் பாட்டி எந்தக் காலேஜில் படித்தாள்?' என்பார்கள். பாட்டியின் அறிவை நான் குறைத்துப் பேச மாட்டேன். தாலாட்டில் மொழி இருக்கிறது. இரண்டு நுங்குக் கூட்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் பிள்ளை, கையையும் கண்ணையும் காலையும் ஒன்றாக இயக்கப் பழகுகிறது. ஆனால், பிறந்த குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து போன்ற சீம்பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைத்ததும் அதே பாட்டி வழக்கம்தான். எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று பிரித்தறிய ஒரு படிப்பு தேவைப்படுகிறது. பாட்டி பக்கத்தில் இல்லாத தனிக்குடித்தனங்கள் பெருகிவிட்ட காலத்தில் அந்தத் தேவை இரட்டிப்பாகிறது. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார். எல்லாம் தானாக வரும் என்றால் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

உடற்கல்விக்கும் இதே கதைதான். ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. இன்றும் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது பி.டி. பீரியட்தான். கணக்கு வாத்தியார் கேட்கிறார், பி.டி. சார் கொடுத்துவிடுகிறார். 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு நாளொன்றுக்குத் தேவையான ஒரு மணி நேர உடலியக்கம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019-இல் சொன்னது. ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். ஓடுவது தானாக வரலாம். ஆனால் ஓட இடமும், நேரமும், பயப்படாமல் ஓடு என்று சொல்லும் ஆசிரியரும் தானாக வருவதில்லை.

'இதற்கு என்ன சம்பளம் கிடைக்கும்?' என்ற கேள்வி கடைசியாக வரும். அதில் உண்மை இருக்கிறது. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து அதைத் தோளில் சுமக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்குக் கிடைப்பது மதிப்பூதியம். அந்தச் சொல்லே, வேலையை வேலையாக ஏற்காத மனதைக் காட்டுகிறது. இது உங்கள் படிப்பின் குறை ஆகாது. 'தானாக வரும்' என்று நினைக்கும் சமூகம், அதைச் செய்கிறவருக்குக் கூலி கொடுக்கவும் யோசிக்கிறது. பெண்கள் படிப்பு என்று இதை ஒதுக்குவதும் அதே நினைப்பின் மறுபக்கம்தான். ஆகவே இந்தப் பாடங்கள் ஒரு துறையோடு நின்றுவிடாமல், பொறியியல் மாணவனுக்கும் வணிகவியல் மாணவனுக்கும் ஒரு தாளாகவாவது சென்று சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாளை நீங்கள் போகிற வீட்டில், காலித் தண்ணீர் பாட்டிலில் நான்கு கூழாங்கல்லைப் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, பிள்ளைமுன் ஒருமுறை குலுக்கிக் காட்டுங்கள். பிறகு அதை அப்பாவின் கையில் கொடுத்து, அவரையும் தரையில் உட்காரச் சொல்லுங்கள்.