விழுந்த பல்லும் வளர்ந்த குழந்தையும்

தலைப்பு: குழந்தை நட்சத்திரம் ஆவது வரமே! பாரமே!
‘பாரமே’ என்ற அணியில் பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியை, பெருங்களத்தூர்



நான் பெருங்களத்தூரிலிருந்து வருகிறேன். எங்க ஊரைத் தெரியாதவங்க தமிழ்நாட்டிலேயே கிடையாது. தீபாவளி, பொங்கல் வந்தால் பையும் பிள்ளையுமாக ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று தென்மாவட்ட பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த ஊர். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கிற வரைக்கும் அதுதான் நிலைமை. அதனால காத்திருக்கிறதுன்னா என்னன்னு எங்க ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். (சிரிப்பு)

ஆனா, அந்தக் காத்திருப்பை ஏழு வயசுக் குழந்தை செய்தால் எப்படி இருக்கும்னு சமீபத்துல பார்த்தேன் ஐயா. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கேன்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “கமல்ஹாசனைப் பாருங்க, ஸ்ரீதேவியைப் பாருங்க, குழந்தையா வந்தாங்க, கொடி கட்டிப் பறந்தாங்க” என்றார். பார்க்கிறேன் தம்பி, நல்லாவே பார்க்கிறேன். 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’ வந்தது. நீங்க களத்தூரைச் சொன்னால், நான் பெருங்களத்தூர்க்காரி, கொஞ்சம் பெரிசாவே பதில் சொல்லணுமில்லையா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அந்தப் படத்தில் நடித்தபோது கமலுக்கு ஆறு வயசு கூட நிரம்பவில்லை. ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கினார். அப்புறம் ‘பார்த்தால் பசி தீரும்’ படத்தில் சிவாஜியோடு, ‘ஆனந்த ஜோதி’யில் எம்.ஜி.ஆரோடு. அது 1963. சரி, அதுக்குப் பிறகு பெரிய வேஷம் எப்போ கிடைத்தது? 1973-ல், பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’. நடுவில் பத்து வருஷம் ஐயா! அந்தப் பத்து வருஷத்தில் டி.கே.சண்முகம் நாடகக் குழுவில் இருந்தார், தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக வேலை பார்த்தார். பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தங்கப் பதக்கம் வாங்கின பிள்ளை, மீசை முளைக்கிற வயசில், பின்வரிசையில் நின்று மத்தவங்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் ஜெயித்தார். அவரிடம் அந்த உழைப்பு இருந்தது. ஆனா எத்தனை பிள்ளைகளால் அந்தப் பத்து வருஷத்தைத் தாண்ட முடியும்? தாண்டினவரின் பெயர் நமக்குத் தெரியும். தாண்டாதவங்க பெயரை யார் எழுதி வைத்தார்கள்? (கைதட்டல்)

ஸ்ரீதேவியைச் சொன்னீங்க. 1967-ல் ‘கந்தன் கருணை’யில் குழந்தை முருகனாக வந்தார். 1976-ல் ‘மூன்று முடிச்சு’ படத்தின் கதாநாயகி. பிறந்தது 1963. கணக்குப் போடுங்க. பதிமூணு வயசு! எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன வயசோ அந்த வயசு. நான் முப்பது வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். அந்த வயசுப் பெண் பிள்ளைகள் டீச்சர் தலை மறைந்தால் பாண்டி ஆடும். புளியங்காய்க்குச் சண்டை போடும். அந்த வயசில் அந்தப் பெண் மூன்று முடிச்சுக் கதையைத் தோளில் சுமந்தது. பிறகு இந்தியாவே கொண்டாடியது, 2018-ல் அவர் மறைந்த பிறகு ‘மாம்’ படத்துக்காகத் தேசிய விருதும் வந்தது. எல்லாம் பெருமைதான். ஆனா அந்த எட்டாம் வகுப்பு பெஞ்ச் காலியாவே இருந்ததே, அதை யார் திருப்பிக் கொடுக்கிறது?

இப்போ நான் ஒரு பெயர் சொல்கிறேன். பேபி சரோஜா. இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? (ஒரு சிலர் கை தூக்குகிறார்கள்) பார்த்தீங்களா, எல்லாம் நரைத்த தலைகள். (சிரிப்பு)

எங்க அம்மா பேரு சரோஜா. 1938-ல் பிறந்தவங்க. எங்க தாத்தா டெண்டுக் கொட்டகையில் ‘பாலயோகினி’ பார்த்துட்டு வந்து, “பொண்ணு பிறந்தா சரோஜான்னுதான் வைப்பேன்”னு ஒத்தைக் காலில் நின்றாராம். எங்க தாத்தா மட்டுமில்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு சரோஜா. காரணம் அந்தக் குழந்தை.

டைரக்டர் கே.சுப்ரமணியம் 1937-ல் எடுத்த படம் ‘பாலயோகினி’. விதவைகள் படுகிற பாட்டையும் சாதிப் பிரிவினையையும் அந்தக் காலத்திலேயே தட்டிக் கேட்ட படம். சரோஜா அவருடைய சகோதரர் மகள். ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்றே பெயர் வாங்கினார். அடுத்து 1939-ல் ‘தியாகபூமி’. கல்கியின் கதை, ஆனந்த விகடனில் சினிமாப் படங்களோடு தொடராகவும் வந்தது. தேசபக்தி அதிகம் என்று வெள்ளைக்கார சர்க்கார் தடை போட்ட படம். அதிலும் இந்தக் குழந்தைதான். 1941-ல் ‘காமதேனு’. அத்தோடு சரி. மூன்றே படம்!

பத்து வயசில் நாடே அறிந்த முகம். அதற்குப் பிறகு சினிமா இல்லை. வளர்ந்தார், குடும்பம் நடத்தினார், எண்பது வயசைத் தாண்டி வாழ்ந்து 2019-ல் சென்னையில் காலமானார். பேப்பரில் செய்தி வந்த அன்றைக்கு எங்க அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க: “என் பேருக்குச் சொந்தக்காரங்க போயிட்டாங்களாடி…”

நான் கேட்டேன், “ஏம்மா, அவ்வளவு பேர் வாங்கினவங்க, மூணு படத்தோட போயிட்டாங்களே, பாவமில்லை?” அம்மா சொன்ன பதிலைக் கேளுங்க: “என்னடி பாவம்? திரும்பிப் போறதுக்கு வீடு இருந்துச்சு, போனாங்க. வீடு இல்லாதவதான் பாவம்.” (நீண்ட கைதட்டல்)

அந்த அசல் ஷெர்லி டெம்பிள் என்ன ஆனார்? அமெரிக்காவையே மயக்கின குழந்தை. இருபத்திரண்டு வயசில், 1950-ல் சினிமாவுக்குக் கும்பிடு போட்டார். பின்னாளில் கானாவுக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் அமெரிக்கத் தூதரானார். கேமராவுக்கு வெளியேயும் வாழ்க்கை இருக்கு ஐயா! இதை அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

இப்ப என் வீட்டுக் கதைக்கு வர்றேன். இதில் குற்றவாளி வேற யாருமில்லை, நான்தான்.

என் பேத்திக்கு ஏழு வயசு. துறுதுறுன்னு பேசுவா. யாரோ பார்த்துட்டு ஒரு டி.வி. தொடருக்குக் கேட்டாங்க. என் பொண்ணும் மாப்பிள்ளையும் யோசிச்சாங்க. நான்தான், “அதிர்ஷ்டம் கதவைத் தட்டுது, அனுப்புங்க, நான் கூடப் போறேன்”னு நின்னேன். தெரு முழுக்க நானே தண்டோரா போட்டேன்.

விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி, பெருங்களத்தூர் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு, கோடம்பாக்கத்துல இறங்கி, ஆட்டோ பிடிச்சுப் போவோம். ஏழு மணிக்கு மேக்கப் போட்டு உட்கார வைப்பாங்க. “இதோ ஷாட் ரெடி, பாப்பா ரெடி”ம்பாங்க. மத்தியானம் மூணு மணிக்குத்தான் கூப்பிடுவாங்க. தூங்கினா மேக்கப் கலையும், சாப்பிட்டா சட்டை கறையாகும். எங்க ரோட்டுல பஸ்ஸுக்கு நின்னவங்களுக்காவது பஸ் வந்தா ஊர் போய்ச் சேரலாம்னு தெரியும். இந்தக் குழந்தைக்கு எதுக்குக் காத்திருக்கோம்னே தெரியாது.

மூணு நாள் நடிச்சா. எல்லாரும் பாராட்டினாங்க. “இருபது நாள் கழிச்சு மறுபடி கூப்பிடறோம்”னாங்க. அந்த இருபது நாளில் என்ன ஆச்சு தெரியுமா? முன்பல் ஆட ஆரம்பிச்சிடுச்சு!

ஊர் உலகத்துல பல் ஆடினா பாட்டி என்ன சொல்வா? “நாக்கால தள்ளு கண்ணு, விழுந்துடும்”பா. நான் என்ன சொன்னேன்? “ஆட்டாதே! தொடாதே!”ன்னு மிரட்டினேன். கரும்பு கேட்டா, தரலை. முறுக்கு கேட்டா, தரலை. கஞ்சியா கரைச்சுக் கொடுத்தேன். ஒரு பால் பல்லைக் காப்பாத்த நான் பட்ட பாடு! (சிரிப்பு) சிரிக்காதீங்க ஐயா, அடுத்ததைக் கேளுங்க.

ஷூட்டிங்குக்கு முதல் நாள் ராத்திரி பல் விழுந்துடுச்சு. குழந்தை என்கிட்ட சொல்லலை. பென்சில் பாக்ஸுல போட்டு ஒளிச்சு வச்சுட்டு, வாயை மூடிக்கிட்டே வந்தா. அங்கே போய் வசனம் சொன்னா, காத்து போகுது. முன்னால் எடுத்த காட்சியில் பல் இருக்கு, இப்போ இல்லை. கதைப்படி அதே நாள். அவங்களையும் குறை சொல்ல முடியாது, அவங்க அவசரம் அவங்களுக்கு. மத்தியானத்துக்குள்ள வேற ஒரு பாப்பா வந்துடுச்சு. என் பேத்தி போட்டிருந்த கவுனைக் கழற்றி அந்தப் பாப்பாவுக்குப் போட்டாங்க.

திரும்பி வரும்போது ட்ரெயினில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையால வாயைப் பொத்திக்கிட்டே வந்தா. பல்லாவரம் தாண்டினப்போ கேட்டா: “பாட்டி, நான் வளராம இருந்திருந்தா என்னையே வச்சிருப்பாங்களா?”

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, ஒரு குழந்தை வளர்றது தப்புன்னு நினைச்சுடுச்சு. முப்பது வருஷம் பிள்ளைகளைப் ‘வளரு, வளரு’ன்னு சொன்ன டீச்சருக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும்? இதைத்தான் பாரம்னு சொல்றேன். குழந்தை நட்சத்திரத்துக்கு வளர்ச்சியே விரோதி. பல் விழுந்தா போச்சு, குரல் உடைஞ்சா போச்சு, அரை அடி உயர்ந்தா போச்சு. வேற எந்தத் தொழிலில் ஐயா, வளர்ந்ததுக்காக வேலையை விட்டு அனுப்புவாங்க? (கைதட்டல்)

எதிரணியில், “பணம் வருது, குடும்பம் தழைக்குது” என்றார்கள். யார் பணம் அது? 1921-ல் சார்லி சாப்ளின் எடுத்த ‘தி கிட்’ படத்தில் நடித்த சிறுவன் ஜாக்கி கூகன். முப்பது, நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்தான். பெரியவனாகிக் கேட்டால், தாயும் மாற்றாந்தகப்பனும் கைவிரித்தார்கள். 1938-ல் கோர்ட்டுக்குப் போனான். கடைசியில் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர். அதற்குப் பிறகுதான் கலிபோர்னியாவில் 1939-ல், குழந்தை சம்பாதித்ததில் ஒரு பங்கைக் குழந்தைக்கே ஒதுக்கி வைக்கணும்னு சட்டம் வந்தது.

நம்ம நாட்டிலும் விதி இருக்கு, தாய்மார்கள் குறிச்சுக்குங்க. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி, 2017-ல் விதிகள் கொண்டு வந்தார்கள். 14 வயசு நிறையாத குழந்தை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேணும். தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. படிப்பு கெடக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசிய வங்கியில் குழந்தை பேரில் நிரந்தர வைப்பாகப் போடணும். வரமா இருந்தா இத்தனை காவல் எதுக்குத் தம்பி? பாரம்னு தெரிஞ்சதாலதானே சர்க்காரே முட்டுக் கொடுத்திருக்கு! (பலத்த கைதட்டல்) இதில் ஒண்ணு கூடத் தெரியாமல்தான் இந்த ஓய்வுபெற்ற டீச்சர், பேத்தியைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அதுவும் என் குற்றம்தான்.

குழந்தைகளே நடிக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ‘அஞ்சலி’ படத்துக் குழந்தைகளையும், ‘காக்கா முட்டை’யில் வந்த இரண்டு பையன்களையும் தேசிய விருது தேடி வந்தது. அவங்க இல்லாமல் அந்தப் படங்களே இல்லை. ‘அஞ்சலி’ ஷாமிலி இன்றைக்கு ஓவியர். சந்தோஷம். நடிக்கட்டும். ஆனா குழந்தை அந்தப் பாரத்தைத் தனியாகத் தூக்கக்கூடாது. வகுப்பில் அதன் பெஞ்ச் காத்திருக்கணும். அதன் காசு அதன் பேரில் இருக்கணும். “போதும்”னு சொன்னால் கூட்டிக்கிட்டு வர ஒரு கை இருக்கணும். பேபி சரோஜாவுக்கு இருந்ததே, அந்தத் திரும்பிப் போகிற வீடு, அது எல்லாப் பிள்ளைக்கும் இருக்கணும்.

அன்றைக்கு ராத்திரி நான் பேத்தியை மடியில் போட்டுக்கிட்டுச் சொன்னேன்: “நீ வளர்ந்தது தப்பில்லை கண்ணு. வளரக்கூடாதுன்னு நினைச்சேனே, அந்தப் பாட்டிதான் தப்பு.” பென்சில் பாக்ஸைத் திறந்து பல்லை எடுத்தோம். ரெண்டு பேருமா மொட்டை மாடிக்குப் போனோம். பழைய வழக்கப்படி பக்கத்து ஓட்டுக் கூரை மேல எறியச் சொன்னேன். எறிஞ்சா. கையை வாயிலிருந்து எடுத்துட்டுச் சிரிச்சா. அந்தப் பொக்கைச் சிரிப்பை எந்தக் கேமராவும் எடுக்கலை ஐயா. நான் பார்த்தேன், எனக்கு அது போதும். (நீண்ட கைதட்டல்)

போன மாசம் வேற ஒரு இடத்திலிருந்து கூப்பிட்டாங்க. இந்தத் தடவை நான் பதில் சொல்லலை, அவளையே கேட்டேன். கண்ணாடியில் பல்லைப் பார்த்துட்டுச் சொன்னா: “இன்னும் ரெண்டு ஆடுது பாட்டி. முறுக்கு சாப்பிட்டு முடிச்சுட்டுச் சொல்றேன்னு சொல்லு!” (சிரிப்பு, கைதட்டல்)

அந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். குழந்தை நட்சத்திரம் ஆவது பாரமே, பாரமே!