தரங்கம்பாடிக் கோட்டையும் நம் வீட்டுப் பரணும்

(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழம்பொருள் என்றவுடன் நம்மவருட் பலர் முடியையும் வாளையும் பொன்னையுமே நினைப்பர். உடைந்த பீங்கானும் பழைய மரத்துண்டும் வரலாறாகுமோ என்று வினவுவாரும் உளர். ஆகும் என்பதையே, தரங்கம்பாடிக் கோட்டையைச் சான்றாகக் கொண்டு, இன்று கூற விழைகின்றேன்.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் 1620-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டாருடன் உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியிற் கோட்டை கட்டிக்கொள்ள இசைவளித்தார். அக்கோட்டை 1845-இல் ஆங்கிலக் கும்பெனியாருக்கு விற்கப்பட்டது. பின்னாளில் வழிப்போக்கர் தங்கும் விடுதியாயிற்று. 1978-இல் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் அதனை ஏற்றனர். இன்று அது பொருட்காட்சிச் சாலையாகத் திகழ்கின்றது.

இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியானுக்குப் பொன்னேட்டில் விடுத்த திருமுகம் கோபன்ஹேகன் நகரில் உள்ளது. பொன்னேடு அங்கே, பீங்கானும், சீனத்துத் தேயிலைச் சாடியும், சுடுமண் பொருள்களும், சிறு பீரங்கிக் குண்டுகளும், திமிங்கிலத்தின் எலும்பும் ஈண்டே. அதனால் நம் காட்சிச் சாலை வறியதென்று கருதற்க. பொன்னேடு இரு மன்னர்தம் நட்பைக் கூறும். சாடியோ, சீனத்துச் சரக்கு இக்கரைக்கு வந்ததைக் கூறும். மேலும், கோட்டையின் கீழ்த்தளத்தில் சரக்கறைகளும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநர் வாழ்ந்தார். அவ்விடத்திலேயே நின்று அக்காலத்துப் பொருளைக் காணும் பேறு வேறெங்குக் கிட்டும்? கட்டடமே ஆங்கு முதற் காட்சிப்பொருள்.

எனினும் ஒரு குறை உண்டு. மன்னர் பெயர் அறிவோம். கப்பல் தலைவர் ஓவ் கெட்டே என்பாரையும் அறிவோம். செங்கல் சுமந்தவர் யாவர்? ஆழ்கடலில் நின்ற கப்பலுக்கு அலை கடந்து தோணியிற் சரக்கேற்றியவர் யாவர்? எழுதி வைப்பாரின்மையால் அவர்தம் பெயர்கள் மறைந்தன. கல்லும் நிலைப்பதன்று. குலசேகர பாண்டியர் காலத்துக் கல்வெட்டுடைய மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டது. 2004-இல் ஆழிப்பேரலை அவ்வூரைத் தாக்கியதை யாவரும் அறிவீர்கள்.

அன்பர்களே! கடல் கொள்வதைத் தடுத்தல் அரிது. நம் கையால் அழிப்பதை நிறுத்துதல் எளிது. பாட்டனார் அளந்த மரக்காலை அடுப்பில் இடுகின்றோம். பாட்டியார் புழங்கிய பித்தளைச் செம்பைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுகின்றோம். ஓலைச்சுவடியைச் செல்லுக்கு இரையாக்குகின்றோம். காப்பவர் வீட்டிலும், “இது யாருடையது?” என்றால் விடையில்லை. வரலாறு அறியப்படாத பொருள் ஊமையன்றோ?

ஆதலின் ஒன்று வேண்டுகின்றேன். பரணில் உள்ள பழம்பொருளை இறக்குங்கள். அது யாருடையது, எவ்வூரில் எதற்குப் பயன்பட்டது, யார் வழியாக வந்தது என்னும் செய்திகளை முதியோரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். எழுதுபவர் உங்கள் பிள்ளைகளாக இருக்கட்டும். மன்னர் பெயரைக் காக்கப் பிறர் பலர் உளர். நம் பாட்டியார் பெயரைக் காக்க நம்மையன்றி யார் உளர்?