இழுப்பதும் தாங்குவதும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் கோடைகாலத்தில் நெடுஞ்சாலை வழியே செல்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். பிக்கப் எனப்படும் திறந்த தட்டு லொறி ஒன்று முன்னே செல்லும். அதன் தட்டின்மீது தன் மூக்கை ஊன்றியவாறு, முப்பது அல்லது நாற்பது அடி நீளமான வீடு ஒன்று பின்னே செல்லும். படுக்கையறை, சமையலறை, குளியலறை யாவும் அவ்வீட்டினுள் அமைந்திருக்கும். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியோர் சிலர், இருந்த வீட்டை விற்றுவிட்டு, இத்தகைய வண்டியையே நிரந்தர இல்லமாகக் கொண்டு வாழ்கின்றனர். ஆதலின், இதனை இழுப்பதற்குரிய லொறியைத் தெரிந்தெடுப்பது சாதாரணமாக ஒரு வண்டி வாங்கும் காரியமன்று. குடும்பத்தின் உயிரையும் உடைமையையும் எதனிடம் ஒப்படைப்பது என்னும் வினா அதில் அடங்கியுள்ளது.

இந்த டிரெயிலரை ‘ஐந்தாம் சில்லு’ டிரெயிலர் என்பர். பெயரைக் கேட்டதும் அதற்கு ஐந்து சில்லுகள் உண்டென எண்ணவேண்டாம். குதிரைவண்டிக் காலத்தில், நான்கு சில்லு வண்டியின் முன்னச்சு இருபுறமும் திரும்பும்பொருட்டு, அதன்மேல் ஒரு வளையத்தைக் கிடையாகப் பொருத்தினர். அவ்வளையமே ஐந்தாம் சில்லு எனப் பெயர் பெற்றது. இன்று அதன் இடத்தில், லொறித் தட்டிலே, பின்னச்சுக்கு நேர்மேலாகவோ சற்று முன்பாகவோ, ஒரு கொளுவி இருக்கும். டிரெயிலரின் மூக்கிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் தடித்த உருக்கு முளை அதனுட் புகுந்து பூட்டிக்கொள்ளும். கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை இழுத்துச் செல்லும் நீண்ட லொறிகளிலும் இவ்வகை இணைப்பையே காண்கிறோம்.

லொறி வாங்கப் போகிறவர் பெரும்பாலும் முதலிற் கேட்பது, “இது எத்தனை இறாத்தல் இழுக்கும்?” என்பதாகும். விளம்பரங்களும் அந்த எண்ணையே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. ஆயினும், “இது எத்தனை இறாத்தல் தாங்கும்?” என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. இவ்விரண்டும் வேறு வேறானவை.

இரட்டைச் சில்லு மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். பாரம் முழுவதும் சில்லுகளின் மீது நிற்பதில்லை. அதில் ஒரு பங்கு நுகத்தடி வழியே மாட்டின் கழுத்தில் இறங்குகிறது. ஐந்தாம் சில்லு டிரெயிலரும் அவ்வாறே தன் எடையில் ஒரு பங்கை முளையின் வழியாக லொறியின் முதுகில் வைக்கிறது. இதனை முளைப்பாரம் எனலாம். பொதுவாக அது டிரெயிலரின் மொத்த எடையில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை இருக்கும். கணக்கிடுவோர் நூற்றுக்கு 20 என வைத்துக்கொள்வர்.

இனி ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பொருள்கள் ஏற்றப்பட்ட நிலையில் டிரெயிலரின் எடை 14,000 இறாத்தல் என்க. முளைப்பாரம் 2,800 இறாத்தலாகும். கொளுவிக்கு 200 இறாத்தல். கணவன், மனைவி, அவர்களுடைய கைப்பொருள்கள் ஆகியவற்றுக்கு 500 இறாத்தல். ஆக, லொறி சுமக்கவேண்டியது 3,500 இறாத்தல். இப்பொழுது, முக்கால் தொன் வகை எனப்படும் டீசல் லொறியொன்றை எடுத்துக்கொள்வோம். சுமையுடன் சேர்த்து அதன் எடை 10,000 இறாத்தலுக்கு மேற்படலாகாது என எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. வெறும் வண்டியே 7,600 இறாத்தல் எடையுள்ளதாயின், சுமப்பதற்கு எஞ்சுவது 2,400 இறாத்தல் மாத்திரமே. ஆட்கள் ஏறுமுன்னரே முளைப்பாரம் அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. இதே லொறி 15,000 இறாத்தலை இழுக்கும் என்று விளம்பரம் கூறியிருக்கலாம். அது பொய்யன்று. ஆனால், இழுக்கக்கூடியது அனைத்தையும் அதனால் தாங்க இயலாது.

முக்கால் தொன், ஒரு தொன் என்பவை பழைய வழக்கில் நின்றுவிட்ட பெயர்களே. இன்றைய சுமைத்தகுதியை அவை காட்டுவதில்லை. பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சில்லுகள் பூண்ட ஒரு தொன் வகை லொறியின் எல்லை 14,000 இறாத்தல் எனவும், அதன் சொந்த எடை 8,500 எனவும் கொண்டால், 5,500 இறாத்தல் எஞ்சும். நம் உதாரணத்திலுள்ள தம்பதியருக்கு ஏற்றது இத்தகைய வண்டியே. நான்கு சில்லுகள் பக்கக் காற்றையும் நன்கு எதிர்த்து நிற்கும். ஒரு டயர் வெடித்தாலும் அருகிலுள்ளது ஓரளவு தாங்கும்.

அடுத்து, இழுக்கும் எல்லை எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதை அறிதல் நன்று. எஸ்.ஏ.ஈ. எனப்படும் பொறியியலாளர் சங்கம் ஜே 2807 என்னும் விதிமுறையை வகுத்துள்ளது. அரிசோனா மாநிலத்தின் டேவிஸ் அணைக்கட்டுக்கு அருகே 11.4 மைல் நீளமான மலையேற்றம் ஒன்றுண்டு. கடும் வெயிலில், குளிரூட்டியை முழுவதும் இயக்கியவாறு, குறித்த வேகத்திற்குக் குறையாமல் லொறி அவ்வேற்றத்தைக் கடக்கவேண்டும். சோதனை கடுமையானதே. ஆனால், லொறியினுள் இருவரும் மிகச் சிறிதளவு பொருளுமே உள்ளதாகக் கொண்டு எல்லை கணிக்கப்படுகிறது. பிள்ளைகளும் பெட்டிகளும் ஏறுந்தோறும் அந்த எண் குறைந்துகொண்டே வரும்.

ஏறுவதிலும் இறங்குவதே பெரிய சோதனை. கொலராடோ மாநிலத்தில் ஐசனோவர் சுரங்கப்பாதை கடல்மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல் உள்ளது. அதைக் கடந்தபின் நெடுஞ்சாலை செங்குத்தாகச் சரிகிறது. பிறேக் செயலிழந்த லொறிகள் ஏறி நிற்பதற்கென அங்கே வழியோரத்தில் சரளை மேடுகள் அமைத்திருக்கிறார்கள். பிறேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். எனவே கீழ்க் கியரில் மெதுவாக இறங்கல் வேண்டும். புகைபோக்கியை நெருக்கி எஞ்சினாலேயே வேகத்தைத் தணிக்கும் பிறேக் டீசல் லொறிக்கு இருப்பது பெருந்துணை. டிரெயிலரின் சொந்தப் பிறேக்குகளைச் சாரதியின் கையருகிலிருந்தே இயக்கும் கருவியும் இன்றியமையாதது.

தட்டின் நீளத்தையும் கவனிக்கவேண்டும். எட்டடித் தட்டாயின் கூர்மையாகத் திரும்புவது எளிது. ஐந்தரை அடித் தட்டுடைய லொறியில், கூர்மையான திருப்பத்தில் டிரெயிலரின் மூக்கு சாரதியறையின் பின்கண்ணாடியை இடிக்கக்கூடும். அதற்கெனப் பின்னோக்கி நகரும் கொளுவிகள் உள்ளன. பின்வில்லுக்குத் துணையாகக் காற்றுப்பைகளைப் பொருத்தினால் எல்லை உயர்ந்துவிடும் என்று சிலர் நினைப்பர். வண்டி தாழாது நிற்குமேயன்றி, அச்சு, பிறேக், டயர் ஆகியவற்றின் தகுதி அணுவளவும் உயராது.

எனவே வாங்கப் போகிறவர் செய்யத்தக்கவை இவை: விற்பவரின் சொல்லை விடுத்து, சாரதி கதவோரத்தில் ஒட்டப்பட்ட விபரத்தாளைப் படியுங்கள். மொத்த எடையின் எல்லையும், ஒவ்வோர் அச்சின் எல்லையும் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். டிரெயிலரின் வெற்றெடையை நம்பாது, அது ஏற்கக்கூடிய முழு எடையைக் கொண்டே கணக்கிடுங்கள். தண்ணீரும் தட்டுமுட்டுச் சாமான்களும் அதை விரைவில் நிரப்பிவிடும். வாங்கியபின், நெடுஞ்சாலையோர லொறித் தரிப்பிடங்களிலுள்ள எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். ஒவ்வோர் அச்சின் பாரத்தையும் அது தனித்தனியே காட்டும். செலவு சிறிது, அதனாற் பெறும் அமைதியோ பெரிது.

மயிலிறகேயாயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அச்சு இன்று உருக்காகிவிட்டது. அளவு என்பது மட்டும் மாறவில்லை. லொறியின் குதிரைவலுவைக் கேட்பதற்கு முன் அதன் முதுகின் வலுவைக் கேட்பவரே, மலையிறக்கத்தின் அடிவாரத்தைக் கலக்கமின்றிச் சென்றடைவார்.