உடல் ஓர் அமானிதம்: வலி மாத்திரையை அளவறிந்து உண்போம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

   

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்பட்ட பின் இமாம் எழுந்தால் தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நாம் வலி மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் நம்மிடம் நிகழ்ந்த ஒரு குறை. அதை முதலில் உங்கள் முன் வைத்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ரமழான் பிறை தென்பட்ட இரவில், நம் மஹல்லாப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். பட்டாசு ஆலையில் குழாய் சுருட்டும் வேலையில் பல்லாண்டு தரையில் அமர்ந்து உழைத்தவர். முழங்கால் வலியால் தராவீஹில் நிற்க முடியவில்லை என்றும், ஸஹர் நேரத்தில் மாத்திரை விழுங்கலாமா என்றும் கேட்டார். "ஃபஜ்ருக்கு முன் விழுங்கினால் நோன்புக்கு எந்தக் குறையும் இல்லை" என்று பதில் சொன்னோம். அவரும் மகிழ்ந்து சென்றார்.

பாதி ரமழான் கடந்த நிலையில் அவர் மயங்கி விழுந்தார். நோன்பின் களைப்பு என்றே வீட்டார் எண்ணினர். மருத்துவமனையில் சோதித்தபோது இரைப்பையில் புண் ஏற்பட்டு உள்ளுக்குள் இரத்தம் கசிந்து வந்தது தெரிந்தது. நாலைந்து நாட்களாகத் தார் போலக் கருப்பாக மலம் போனதை அவர் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஸஹரில் இரண்டு மாத்திரை, இஃப்தாரில் பேரீச்சம்பழத்தோடு இரண்டு மாத்திரை என்று விழுங்கி வந்திருக்கிறார். இரத்தம் ஏற்றினார்கள். வல்ல அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக்கொண்டார்.

நலம் விசாரிக்கச் சென்ற நம்மிடம் அவர், "ஹஜ்ரத், உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே போட்டேன்" என்றார். குறை கூறும் தொனி அதில் இல்லை. ஆயினும் நம்மால் தலை நிமிர முடியவில்லை. கேட்ட கேள்விக்குச் சட்டம் சொன்னோம். அது என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை நாள், யார் கொடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று முதல் மருத்துவர்களிடமும் மருந்தாளுநர்களிடமும் நாம் கேட்டறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம். நாம் மருத்துவர் அல்லர். மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வதே நம் நோக்கம்.

சகோதரர்களே! நம் சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்றால் இரண்டு பொருள் உண்டு. ஒன்று நோய்க்கு உண்பது. மற்றொன்று பட்டாசுக்குள் அடைப்பது. இரண்டாவது மருந்தை நாம் எவ்வளவு எச்சரிக்கையோடு கையாளுகிறோம்! ஓர் அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறோம். கலவையில் அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே கரங்கள் மாலையில் மருந்துக்கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்கி, பெயரும் அளவும் அறியாமல் வாயில் போடுகின்றன. படைப்பு ஒவ்வொன்றும் ஓர் அளவோடு அமைந்தது என்பது திருமறையின் போதனை. உண்ணும் மருந்து மட்டும் அதற்கு விலக்காகுமா?

நாம் குறிப்பிடுவது வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் மாத்திரைகளை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், நிமசுலைடு, மெஃபனாமிக் அமிலம் ஆகியன எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பல் வலி, சுளுக்கு, மூட்டு வலி, மாதவிடாய் வலி போன்ற மிதமான வலிகளுக்கு இவை நல்ல பலன் தருபவை. சில நாட்களுக்கு, உரிய அளவில் உண்டால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. எனவே இவற்றை வெறுக்கச் சொல்ல நாம் வரவில்லை. நோய்க்குச் சிகிச்சை தேடுமாறு பணித்த மார்க்கம் நம்முடையது.

இவை செயல்படும் விதத்தை அறிந்தால் ஆபத்தும் விளங்கும். அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் சுரக்கிறது. அந்தச் சுரப்பை இம்மாத்திரைகள் தடுக்கின்றன. 1971இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய அறிஞர் இதைக் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் காக்கிறது. மாத்திரைக்கு முழங்கால் எது, இரைப்பை எது என்று தெரியாது. வலியை அடக்கும்போதே காவலையும் நீக்கிவிடுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டலும் எரிச்சலும் கூடும். உணவோடு உண்டாலும் நீண்ட நாள் உண்டால் புண் வரும். ஏனெனில் கேடு இரத்தத்தின் வழியாகவும் வருகிறது.

சிறுநீரகத்தைப் பற்றி நாம் கூடுதலாகவே அஞ்ச வேண்டும். நம் மாவட்டம் கரிசல் பூமி, வெயில் பூமி. மின்விசிறிக்கும் இடமில்லாத அறைகளில் வேர்வை சிந்தி உழைப்போர் நம்மில் பலர். ஒதுங்க வசதி இல்லையென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு. நீர் வற்றிய உடலில் இம்மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையக் கூடும். இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகளையும், நீர் பிரியும் மாத்திரையையும் உண்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இம்மருந்து சிறுநீரகத்தை என்ன செய்ய வல்லது என்பதற்கு உலகமறிந்த சாட்சி ஒன்று உண்டு. நம் நாட்டின் வானில் திரளாகப் பறந்த பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் கொத்துக் கொத்தாக மடிந்தன. டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்ட மாடுகளின் இறைச்சியைத் தின்று, சிறுநீரகம் செயலிழந்து அவை இறந்தன என்பது 2004இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை அரசு தடை செய்தது. பறவையும் மனிதனும் ஒன்றல்ல. மனிதன் தாங்கும் அளவைக் கழுகு தாங்காது. எனினும் படைத்தவன் காட்டிய பாடம் பாடமே.

இதயத்திற்கும் இதனால் கேடு உண்டு. ரோஃபிகாக்சிப் என்ற வலி மாத்திரை, மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரிந்ததால் 2004இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. முன்பே இதய நோய் உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக்கைத் தவிர்க்க வேண்டுமென ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013இல் அறிவித்தது.

பெயர் தெரியாத மாத்திரையைக் கொடுப்பதும் வாங்குவதும் நம் ஊரின் வழக்கம் மட்டுமன்று. தமிழகத்தின் நூற்பாலைகளிலும் ஆடை ஆலைகளிலும் மாதவிடாய் வலி கண்ட பெண்களுக்குப் பெயரற்ற மாத்திரைகள் தரப்பட்டதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளிக்கொணர்ந்தது. சுமார் நூறு பெண்கள் சாட்சி சொன்னார்கள். சோதித்தபோது அவை இந்தக் குடும்பத்து மாத்திரைகளாகவே இருந்தன. வேலை தடைப்படக் கூடாது என்பதற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகள் அவை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளையும் தீங்கிற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. ஆலை மேற்பார்வையாளரும், கடைக்காரரும், 'எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்கும்' என்று தம் மாத்திரையை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பவரும் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்.

எனவே ஜமாஅத்தார் மனத்தில் இருத்த வேண்டியவை:

முதலாவது, பெயர் தெரியாத மாத்திரையை உண்ணாதீர்கள். செட் மாத்திரையில் ஒரே குடும்பத்து மாத்திரைகள் இரண்டு இருக்கலாம், ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையோடு வாங்குங்கள். டைக்ளோஃபெனாக் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, குறைந்த அளவு, குறைந்த நாட்கள். மருத்துவர் மேற்பார்வை இல்லாத நிலையில் பெரியவர்களுக்கு இபுபுரூஃபன் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. டைக்ளோஃபெனாக் மருத்துவர் தந்தாலும் 150 மில்லிகிராமே உச்ச வரம்பு. ஒரு குடும்பத்து மாத்திரைகள் இரண்டைச் சேர்த்து உண்டால் பலன் இரட்டிப்பதில்லை, கேடே இரட்டிக்கும். சில நாட்களில் வலி நீங்காவிட்டால் மாத்திரையைக் கூட்டாதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள்.

மூன்றாவது, உண்ணக் கூடாதவர்களை அறியுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், கருவுற்ற தாய்மார்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையும் தொடக் கூடாது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமசுலைடு 2011இலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது.

நான்காவது, காய்ச்சலோடு கூடிய உடல் வலிக்கு இவற்றை உண்ணாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவை அதிகமாக்கும். அதற்குப் பாரசிட்டமாலே ஏற்றது. அதற்கும் வரம்பு உண்டு: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம்; மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

ஐந்தாவது, கருப்பு மலம், இரத்த வாந்தி, சிறுநீர் குறைதல், முகமோ காலோ வீங்குதல், உடலில் தடிப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் கண்டால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மெஃபனாமிக் அமிலத்தால் தடிப்பும் காய்ச்சலுமாகக் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என 2023இல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்துள்ளது. இவற்றைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

இனி ரமழானுக்கு வருவோம். ஃபஜ்ருக்கு முன் விழுங்கிய மாத்திரையால் நோன்பு முறியாது என்று அன்று சொன்ன சட்டம் இன்றும் சட்டமே. ஆனால் அத்தோடு பின்வருவனவற்றையும் நாம் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை கட்டாயமெனில் நோன்பு திறந்து, கஞ்சியும் உணவும் உண்டு, போதிய நீர் அருந்திய பின் விழுங்குங்கள். பகலில் விட்ட அளவை இரவில் சேர்த்து விழுங்காதீர்கள். முழங்கால் தேய்மான வலிக்குப் பூசும் களிம்பையே முதலில் முயலுமாறு மருத்துவர்கள் கூறுகிறார்கள். தோலின் மேல் பூசுவதால் நோன்புக்குக் குறைவில்லை. நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். நோன்பால் நோய் கூடுமென மருத்துவர் சொன்னால், நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யவும், நிரந்தர நோயாளி ஃபித்யா கொடுக்கவும் ஷரீஅத் வழி வைத்திருக்கிறது. அந்தச் சலுகை அல்லாஹ்வின் கொடை. அதை மறுத்து மாத்திரையின் பலத்தில் உடலை வதைப்பது இறையச்சமாகாது. தம்மைத் தாமே அழிவில் தள்ளிக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தின் வாயிலாக இறைவன் தடுத்திருக்கிறான்.

ஜமாஅத் நிர்வாகத்தாருக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒவ்வோர் ஆண்டும் ஷஅபான் மாதத்தில் மருத்துவர் ஒருவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து, நோன்பு நோற்போர் தம் மாத்திரைகளைக் காட்டி ஆலோசனை பெற ஏற்பாடு செய்யுங்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை பெறுவோர், தாம் உண்ணும் வலி மாத்திரையையும் அந்த ஊழியரிடம் சொல்ல வேண்டுமென மஹல்லாவில் அறிவியுங்கள். அத்திட்டத்தில் வலிக்கான உடற்பயிற்சி சிகிச்சையும் உண்டு.

அந்தப் பெரியவர் இப்போது முன் வரிசையின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். இப்போது மாத்திரை பற்றி யார் கேட்டாலும், "அட்டையைக் கொண்டு வந்து காட்டுங்கள்" என்பதே நம் முதல் பதில். வீட்டில் உங்கள் பெற்றோரிடமும் அதையே கேளுங்கள்.

யா அல்லாஹ்! நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! உழைத்துத் தேய்ந்த கைகளுக்கும் கால்களுக்கும் இலேசைத் தருவாயாக! நீ அமானிதமாகத் தந்த உடலை அளவறிந்து பேணும் நல்லறிவை எங்கள் அனைவருக்கும் அருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.