விடுபட்ட சொல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கடந்த ஓராண்டாக நம் மாதக் கூட்டங்களின் அழைப்பிதழ்களை வடிவமைத்துத் தருபவர் ஒரு மாணவி. பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயில்கிறார். ழகரத்தை மட்டும் பெரிதாக்கித் தாளின் ஓரத்தில் நிறுத்தி, எஞ்சிய இடத்தையெல்லாம் வெறுமையாக விட்டிருந்தாரே, அந்த மார்கழி அழைப்பிதழை உங்களுள் பலர் இன்னும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். சென்ற திங்கள் அவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, நிரல் எழுதுவதும் பிடிக்கிறது, எழுத்துகளை வரைவதும் பிடிக்கிறது. ஒன்றை விட்டுவிடு என்கிறார்கள். எதை விடுவது?”

அன்று நான் விடை கூறவில்லை. இன்று, வேறொருவரின் வாழ்வை முன்வைத்துக் கூற விழைகிறேன்.

அவர் ஜான் மேடா. 1966இல் பிறந்து, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வளர்ந்தவர். பெற்றோர் ஜப்பானிய மரபினர். சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கும் தோஃபு செய்து விற்கும் கடை நடத்தினர். விடியலுக்கு முன்பே தொடங்கும் வேலை. பிள்ளைகளும் கைகொடுக்க வேண்டும். சிறுவன் ஜான் கணக்கிலும் ஓவியத்திலும் வல்லவன் என்று ஆசிரியர் ஒருவர் அவர் தந்தையிடம் பாராட்டினார். மறுநாள் கடைக்கு வந்தவரிடம் தந்தை பெருமையோடு சொன்னது, மகன் கணக்கில் வல்லவன் என்பது மட்டுமே. ஓவியம் என்ற சொல் வழியிலேயே விடுபட்டுப் போயிற்று. மேடா பிற்காலத்தில் மேடையேறிப் பேசும்போதும் அதை மறக்கவில்லை.

அந்தத் தந்தையை நான் குறை கூறேன். கணக்கு சோறு போடும், ஓவியம் போடுமா? உழைத்துத் தேய்ந்த கைகள் அப்படித்தான் கேட்கும். நம் இல்லங்களிலும் அக்கேள்வி ஒலிக்காத நாள் உண்டா?

மகன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து மின்பொறியியலும் கணினியியலும் பயின்றார். கணினித் திரைக்குரிய சிறு குறிப்படங்களை வரைவதில் தேர்ந்தவர் என்று அவருக்கே ஓர் எண்ணம் இருந்தது. ஒருநாள் நூலகத்தில் தற்செயலாக ஒரு நூல் கைக்கு வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சின்னத்தை உருவாக்கிய பால் ராண்ட் 1947இல் வெளியிட்ட, வடிவமைப்பைப் பற்றிய சிந்தனை நூல் அது. அதைப் புரட்டியபோது அவருடைய செருக்கு அடங்கியது. கருவியை இயக்கத் தெரிவது வேறு, வடிவம் படைப்பது வேறு என்பதை அன்று உணர்ந்தார்.

கவிஞர்களே, இது நமக்குப் புதிதா? யாப்பைக் கரைத்துக் குடித்தவரெல்லாம் கவிஞர் ஆகிவிடுகிறார்களா?

அதே கழகத்தில் மியூரியல் கூப்பர் என்னும் அம்மையார் இருந்தார். கழகப் பதிப்பகத்தின் ஏழு கோட்டுச் சின்னத்தை ஆக்கியவர்; அச்சுத் தாளிலிருந்து கணினித் திரைக்கு எழுத்துக்கலையை அழைத்துவந்த முன்னோடிகளுள் ஒருவர். கலைப்பள்ளிக்குப் போ என்று மேடாவை ஆற்றுப்படுத்தியவர் அவரே. மேடா ஜப்பானிலுள்ள சுகுபா பல்கலைக்கழகம் சென்று வடிவமைப்பில் முனைவர் பட்டம் பெற்றார். கூப்பர் 1994இல் மறைந்தார். 1996இல் மேடா தம் பழைய கழகத்துக்கே ஆசிரியராகத் திரும்பி, அழகியலையும் கணிப்பையும் ஒருசேர ஆராயும் குழுவொன்றை அமைத்தார்.

அவர் 1999இல் வெளியிட்ட நூல், ஓவியருக்கு நிரல் கற்பிப்பது. அதற்கென்றே சிறு கணினிமொழி ஒன்றையும் படைத்தார். அம்மொழியின் முதற்சொற்கள் மூன்று: தாள், பேனா, கோடு. வரையும் பரப்பு 100க்கு 100 புள்ளிகளே. வண்ணம் கிடையாது, 0 முதல் 100 வரையிலான கருமையின் சாயல்கள் மட்டுமே உண்டு. இத்துணைச் சிறிய களத்தில் என்ன செய்ய இயலும் என்று கேட்கத் தோன்றும். ஏழு சீருக்குள் உலகை அடக்கிய குறளைப் பெற்ற நாம் அப்படிக் கேட்கலாமா? கட்டுப்பாடு கலைக்குப் பகையன்று.

அந்த வித்து வீண்போகவில்லை. அவருடைய மாணவர்கள் கேசி ரியாஸ், பென் ஃபிரை இருவரும் 2001இல் ‘புராசசிங்’ என்னும் கருவியைத் தொடங்கினர். யாவரும் விலையின்றிப் பெறலாம். அதில் எழுதும் நிரலுக்கு அவர்கள் இட்ட பெயர் கோட்டோவியம். தந்தையின் வாயில் விடுபட்ட சொல், மாணாக்கர் கையில் நிரலுக்கே பெயராகிவிட்டது! மேடாவோ 2008இல் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியின் தலைவரானார்.

இனி அந்த மாணவிக்கு என் விடை. மகளே, எதையும் விடாதே. ஆனால் இரண்டும் தெரியும் என்று இரண்டிலும் அரைகுறையாக நின்றுவிடாதே. ராண்டின் நூல் மேடாவைப் பணியவைத்ததுபோல, உன்னைப் பணியவைக்கும் ஒன்றைத் தேடிக் கண்டுகொள். ழகரத்தின் வளைவைத் திரையில் மட்டும் பாராதே. கல்வெட்டிலும் ஓலையிலும் போய்ப் பார். கையால் நூறு முறை எழுதிப் பார். பிறகு நிரலிடம் வா.

நமக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பன்னிரண்டு அழைப்பிதழ்களையும் நேற்றிரவு எடுத்துப் பார்த்தேன். கவிஞர் பெயர் உண்டு. தலைமை தாங்கியவர் பெயர் உண்டு. அச்சகத்தின் பெயரும் உண்டு. வடிவமைத்தவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. மெய்ப்புத் திருத்தியவன் நான். ஒற்றுப்பிழை ஒன்றையும் விடாத என் கண்ணுக்கு அந்தப் பெரும்பிழை படவில்லை. தோஃபுக் கடைக்காரர் தொலைத்தது ஒரு சொல். நாம் தொலைத்தது ஒரு பெயர். “ஒன்றை விட்டுவிடு” என்று அவரிடம் சொன்னவர்களுள், வாய் திறவாமலே, நாமும் இருந்திருக்கிறோம்.

பதினோராம் ஆண்டின் முதல் அழைப்பிதழில் அப்பெயர் கவிஞர் பெயருக்கு நிகராக அச்சேற வேண்டும் என்று இவ்வவையை வேண்டிக்கொள்கிறேன். மெய்ப்பை நானே பார்ப்பேன்.